கதவில்லாத டாய்லெட்டும் ஸ்பெயின் நாட்டு சுகாதார மந்திரியும்

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கடையில உக்காந்து கருமக்கிரியை கார்டு ஒண்ணு டைப் பண்ணிக்கிட்டு இருந்தேன், போன் வந்துச்சி, பாத்தா மக படிக்கிற தமிழ்ப்பள்ளியோட பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். வயித்துல புளியக் கரைச்சிருச்சி. முந்தின நாள் ராத்திரிதான் பேஸ்புக்ல ஒரு நீளமான போஸ்ட் போட்டிருந்தேன், பொம்பளப் பிள்ளைங்க டாய்லெட்டுல ரெண்டு ரூமுக்கு எட்டு மாசமா கதவு இல்ல, ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கொடைய விரிச்சிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா, இதப் பாக்க சங்கத்துல யாருக்கும் கண்ணு இல்லயான்னு. ஏறக்கொறைய நானூறு லைக். சரி, வாங்கிக் கட்டிக்கப் போறோம்னு நெனச்சி போன எடுத்தா மனுஷன் சிரிக்கிறாரு.

"தங்கச்சி, படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அதான் போன் பண்றேன். வர்ற பொதுக்கூட்டத்துல செயலாளர் போஸ்ட் காலியாவுது. நீங்களே வந்துருங்களேன்லா."

உள்ள மிஷின் ஓட்டிக்கிட்டு இருந்த வீட்டுக்காரரு எட்டிப் பாத்து "மாட்டுனியா"ன்னாரு.

யோசிச்சி சொல்றேன் அண்ணேன்னு சொல்லி போன வெச்சிட்டேன். வெச்சவொடனே எனக்கு ஞாபகம் வந்தது யாருன்னா ஃபெடரிக்கா மோன்ட்செனி. சொன்னா சிரிப்பீங்க, கோலாலம்பூர் செந்தூல்ல கல்யாண கார்டு அடிக்கிற பொம்பளைக்கும் 1936ல ஸ்பெயின்ல மந்திரியா இருந்தவங்களுக்கும் என்னா சம்பந்தம்னு.

ஒண்ணும் பெருசா இல்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு யூனிவர்சிட்டி பொண்ணு கடைக்கு அசைன்மென்ட் பைண்டிங் பண்ண வந்துச்சி. அட்டையில ஒரு அம்மா மைக்கு முன்னாடி நிக்கிற படம், கீழ அனார்கிஸ்ட், மினிஸ்டர்னு ரெண்டு வார்த்தை. எனக்கு அது டைப்பிங் மிஸ்டேக்னு பட்டுச்சி. தொழில் புத்தி, கார்டுல தப்பு இருந்தா பின்னால நம்ம தலையிலதான வந்து விடியும், அதனால "இது சரிதானா பாத்துக்கோம்மா"ன்னு கேட்டேன். "சரிதான் ஆண்ட்டி, அந்தம்மா ரெண்டும்தான்"னு சொல்லிட்டு அது பாட்டுக்குப் போயிருச்சி. அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சவ ரெண்டு மாசம் நிறுத்தல.

அனார்கிஸ்ட்னா நம்ம பேப்பர்ல அராஜகவாதின்னு போடுவாங்க. எங்க அத்தைகிட்ட, அப்பாவோட அக்கா, எங்ககூடத்தான் இருக்காங்க, 81 வயசு, அவங்ககிட்ட இந்தக் கதைய சொன்னப்ப மொதல்ல கேட்டதே "அராஜகம் பண்ணவளையா மந்திரியாக்குனாங்க"ன்னுதான். நமக்கு அராஜகம்னா கடைய ஒடைக்கிறது, பஸ்ஸக் கொளுத்துறது. ஆனா அந்த வார்த்தையப் பிரிச்சிப் பாத்தா ராஜா இல்லாததுன்னுதான் அர்த்தம். அனார்கிஸ்டுங்க சொன்னதும் அதான், அரசாங்கம் வேணாம், முதலாளி வேணாம், ஊரும் தொழிற்சங்கமும் கூடிப் பேசி தங்களையே நடத்திக்கட்டும்னு. அதனால ஓட்டுப் போடமாட்டாங்க, தேர்தல்ல நிக்கமாட்டாங்க. அரசாங்கத்துல நல்லது கெட்டதுன்னு கெடையாது, எல்லாம் ஒரே குட்டையில ஊறுன மட்டைங்கிறது அவங்க நெனப்பு. அப்படி ஒரு வீட்டுல பொறந்த பொண்ணுதான் மந்திரியாப் போய் உக்காந்திருக்கு.

வீடுன்னா சாதாரண வீடு இல்ல. அப்பா ஜோவான் மோன்ட்செனி, அம்மா தெரேசா மாஞே, ரெண்டு பேருமே வாத்தியாரா இருந்தவங்க, ரெண்டு பேருமே எழுத்தாளருங்க. 1896ல பார்சலோனாவுல ஒரு சாமி ஊர்வலத்துல குண்டு வெடிச்சி, அத சாக்கா வெச்சி நூத்துக்கணக்கான பேரப் புடிச்சி மோன்ஜுயிக் குன்றுல இருக்கிற கோட்டையில அடைச்சப்ப அப்பாவும் உள்ள, அப்புறம் நாடு கடத்தல், லண்டன். திரும்பி வந்து 1898ல மாட்ரிட்ல புருஷனும் பொண்டாட்டியும் சேந்து லா ரெவிஸ்தா ப்ளாங்கான்னு ஒரு பத்திரிகை நடத்துனாங்க. அது 1905ல நின்னு போச்சி, அதே வருஷம் பிப்ரவரி 12ல இந்தப் பொண்ணு பொறக்குது. பள்ளிக்கூடம் கெடையாது, பாடமெல்லாம் அம்மாகிட்டதான். கோழி வளப்பாங்க, முயல் வளப்பாங்க, தோட்டம் போடுவாங்க, மிச்ச நேரம் எழுத்து. 1923ல பார்சலோனாவுல பத்திரிகைய மறுபடி ஆரம்பிச்சப்ப பொண்ணும் எழுத உக்காந்துருச்சி, அப்ப 18 வயசு.

எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் புடிச்ச எடம் இதுதான், கடைக்காரி புத்தி, மன்னிச்சிருங்க. 1925லருந்து இந்தக் குடும்பம் லா நோவெலா இதேயால்னு சின்னச் சின்னக் கதைப் புஸ்தகமா போட்டுத் தள்ளுது. ஒவ்வொண்ணும் 32 பக்கம், சில்லறைக் காசு வெல, வாரா வாரம். கடைசியில கணக்குப் பாத்தா ஏறக்கொறைய 600 தலைப்பு வந்துருக்கு, ஒரு கதைக்கு கொறஞ்சது 10,000 பிரதி, சிலது 50,000 வரைக்கும். நாங்க 500 கார்டு அடிச்சிட்டு ரோலர் சூடாயிருச்சி கொஞ்சம் நிறுத்துங்கன்னு சொல்ற ஆளுங்க. அதுவும் என்னா கதைங்க? ஃபேக்டரிப் பொண்ணு, வீட்டு வேலைக்காரப் பொண்ணு, பாதிரியார், முதலாளி மவன், காதல், ஏமாத்தம், அழுவாச்சி. நம்ம வார இதழ் தொடர்கதை மாதிரிதான், ஆனா முடிவுல அந்தப் பொண்ணு தாலிக்காகக் கெஞ்சமாட்டா. படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் வேலையிடத்துல சத்தமாப் படிச்சா படிக்கத் தெரியாத பத்து பேருக்கும் போய்ச் சேரும். அதே 1925லதான் ஈரோட்டுல பெரியார் குடி அரசு ஆரம்பிக்கிறாரு. ஒருத்தர ஒருத்தர் தெரியாது, கடல் தாண்டி ரெண்டு பக்கமும் சின்னப் பத்திரிகைக்காரங்க ஒரே வருஷத்துல அய்யரும் வேணாம் பாதிரியும் வேணாம், பொண்ணும் பையனும் மனசொத்து வாழட்டும்னு அச்சடிச்சிக்கிட்டு இருந்துருக்காங்க.

மோன்ட்செனியோட பெரிய நாவலுங்க மூணு, லா விக்டோரியா 1925, அதோட தொடர்ச்சி 1927, அப்புறம் 1928ல லா இந்தோமாப்ளே, அதாவது அடங்காதவ. அடங்காதவளோட பேரு விதா, ஸ்பானிஷ்ல வாழ்க்கைன்னு அர்த்தம். சொந்தக் கதைய வெச்சிதான் எழுதினாங்கன்னு சொல்வாங்க. 1930லருந்து ஜெர்மினல் எஸ்க்ளேயாஸ்ங்கிற தோழரோட, சர்ச்சும் இல்லாம ரெஜிஸ்டரும் இல்லாம, ஒண்ணா வாழ்ந்தாங்க. 1933ல பொறந்த மகளுக்கும் விதான்னே பேரு. நான் மொதல்ல அத விடான்னு படிச்சிட்டு, பொருத்தமான பேருதான், விடாப்பிடின்னு நெனச்சேன். நம்ம காதுக்கு அந்த ஊர்ப் பேருங்க இப்படித்தான் விழுது. இவங்க இயக்கத்துலயே பெரிய வீரன் ஒருத்தர் பேரு துருத்தி, தொழில்ல மெக்கானிக். கொல்லன் பட்டறைக்கு இத விட நல்ல பேரு கெடைக்குமா.

சரி, விஷயத்துக்கு வர்றேன். 1936 ஜூலையில ராணுவம் கலகம் பண்ணுது, உள்நாட்டுப் போர் ஆரம்பிக்குது. பார்சலோனாவுல ராணுவத்தத் தோக்கடிச்சதுல பெரிய பங்கு சிஎன்டிங்கிற அனார்கிஸ்ட் தொழிற்சங்கத்துக்கு. தெருவு அவங்க கையில, ஃபேக்டரி அவங்க கையில, ட்ராம் வண்டி வரைக்கும் அவங்க கையில, ஆனா நாட்டு அரசாங்கத்துல அவங்களுக்கு நாற்காலி இல்ல, வேணாம்னும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நவம்பர் பொறக்கும்போது கலகக்கார ராணுவத்தோட தலைவன் ஃப்ராங்கோவோட படை மாட்ரிட் வாசலுக்கே வந்துருச்சி. உள்ள போகலன்னா ஆயுதம் கெடைக்காது, நம்மள ஒதுக்கிட்டு மத்தவங்க முடிவெடுப்பாங்க, அதுல நம்ம ஆளுங்கதான் சாவாங்க, இதான் சங்கத் தலைமை போட்ட கணக்கு. நவம்பர் 4ஆம் தேதி பிரதமர் லார்கோ கபயேரோ மந்திரிசபையில நாலு சிஎன்டி ஆளுங்க சேர்றாங்க. ஜெயிலுக்குள்ள காலத்தக் கழிச்ச கார்சியா ஒலிவேர் நீதி மந்திரி! கண்ணாடித் தொழிலாளி ஜோவான் பெய்ரோ தொழில்துறை, ஹுவான் லோபேஸ் வர்த்தகம், 31 வயசு மோன்ட்செனி சுகாதாரம், சமூக நலன். ஸ்பெயினோட முதல் பெண் மந்திரி. அடுத்த பெண் மந்திரி வர்றதுக்கு அந்த நாடு 1981 வரைக்கும் காத்திருந்துச்சி. நம்ம மலேசியாவுல முதல் பெண் மந்திரி ஃபாத்திமா ஹாஷிம் வந்தது 1969.

கேட்டவொடனே ஓடிப் போய் உக்காரல. வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட கேட்டிருக்காங்க. அவரு சொன்னத பின்னால அந்தம்மாவே சொல்லியிருக்காங்க, இது அனார்கிசத்துக்கும் சிஎன்டிக்கும் முடிவு கட்டுற வேலை, அதிகாரத்துல உக்காந்துட்டா அதுலருந்து உங்களால வெளிய வரவே முடியாதுன்னு. கோட்டையில அடைபட்டு, நாடு கடந்து, நாப்பது வருஷம் அதிகாரத்தத் திட்டி எழுதின மனுஷன். அப்படி சொன்ன அப்பாவ வீட்டுல விட்டுட்டு பொண்ணு மந்திரியாப் போவுது.

அத்தைகிட்ட இந்த எடத்தச் சொன்னப்ப அவங்க ரொம்ப நேரம் பேசல. அப்புறம் அவங்க கதைய எடுத்தாங்க, நான் இத்தன வருஷத்துல கேக்காத கதை. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துல பால்மரம், அதான் ரப்பர் மரம், வெட்டி பால் எடுத்தவங்க எங்க அத்தை. பெரட்டுக் களத்துல, அதான் காலையில பேர் கூப்பிடுற எடத்துல, வாய் பெரிய வாய். எடை கொறையுதுன்னா கேப்பாங்க, கிராணி, அதான் தோட்டத்துக் கிளார்க்கு, பொய்க் கணக்கு எழுதினா நேருக்கு நேரா கேப்பாங்க, நாலு பொம்பளைங்கள சேத்துக்கிட்டு ஆபீஸ் வாசல்ல போய் நிப்பாங்க. அப்ப ஆயாக் கொட்டாய் ரொம்ப மோசமா இருந்துச்சாம், காலையில நாலு மணிக்குப் பிள்ளைங்கள அங்க போட்டுட்டு மரம் வெட்டப் போனா திரும்பி வர்றப்ப ஈரத்துலயே கெடக்குமாம், பால் பவுடர் தண்ணியா இருக்குமாம். அதுக்கும் அத்தைதான் சத்தம் போட்டாங்க. ஒரு நாள் ஆபீஸ்ல கூப்பிட்டு, சரி, நீயே ஆயாவா இருன்னு கொட்டாய் சாவிய கையில குடுத்துட்டாங்க.

"சாவி கைக்கு வந்த அன்னிக்கே என் வாயி போச்சிம்மா"ன்னாங்க அத்தை. "பால் பவுடர் கெட்டியாத்தான் கலக்குனேன். பிள்ளைங்க ஈரத்துல கெடக்கல. ஆனா அடுத்த வருஷம் எடையில ஏமாத்துனப்போ என்னால போயி நிக்க முடியல. நின்னா சாவியப் புடுங்கிருவான், பிள்ளைங்க மறுபடி ஈரத்துல கெடக்கும்."

வருத்தமா இருந்துச்சா அத்தைன்னு கேட்டேன். அது எப்படிடி ஒரே வார்த்தையில சொல்றதுன்னுட்டு வெத்தலப் பெட்டியத் தொறந்துட்டாங்க.

மோன்ட்செனி கதைக்கு வந்தா, பதவியேத்த ரெண்டாவது நாளே அரசாங்கம் மாட்ரிட்ட விட்டுட்டு வலென்சியாவுக்கு ஓடுது. வழியில தராங்கோன்ங்கிற ஊர்ல துப்பாக்கியோட நின்ன அனார்கிஸ்ட் ஆளுங்களே மந்திரிங்க காரை மறிச்சி, கோழைங்களா, மாட்ரிட்டுக்குத் திரும்பிப் போங்கன்னு வெரட்டியிருக்காங்க. இந்தம்மா வேற வேலையா துருத்தியப் புடிச்சி மாட்ரிட்டக் காப்பாத்த வரணும்னு பேசி சம்மதிக்க வெச்சாங்க. வந்தாரு, நவம்பர் 20 காலையில செத்துப் போனாரு. பதவியேத்து மூணு வாரம் கூட ஆகல.

சுகாதாரத்துக்குன்னு தனி மந்திரி ஆபீஸே அப்பதான் முளைக்குது. இவங்க டாக்டரும் இல்ல. அதுக்கு டாக்டருங்களயே கூப்பிட்டு வெச்சாங்க, அதுவும் பொம்பள டாக்டருங்க ரெண்டு பேர், மெர்சேதெஸ் மாயெஸ்த்ரே, அம்பாரோ போச். சண்டை நடக்கிற ஊர்லருந்து அகதிங்க லட்சக்கணக்குல வர்றாங்க, 1937 பிப்ரவரியில மலாகா விழுந்தப்ப ஜனங்க கடலோர ரோட்டுல நடந்தே வர்றாங்க, மேலருந்து ப்ளேன்காரன் சுடுறான். பிள்ளைங்களுக்கு எடம், சோறு, தடுப்பூசி. பழைய காலத்து அனாதை ஆசிரமம் மாதிரி நூத்துக்கணக்கான பிள்ளைங்கள ஒரே கூடத்துல மொட்டையடிச்சிப் போட்டு தர்மம் பண்றது வேணாம், வீடு மாதிரி சின்னச் சின்னதா இருக்கணும்னாங்க. கர்ப்பிணிங்களுக்கு சாப்பாட்டுக் கூடம். பாலியல் தொழில்ல மாட்டிக்கிட்ட பொண்ணுங்களுக்கு விடுதலை இல்லம்னு ஒண்ணு திட்டம் போட்டாங்க, தங்க எடம், வைத்தியம், கைத்தொழில். அத ஒரு கையெழுத்துல ஒழிச்சிர முடியாது, அதுக்குப் பின்னால வயித்துப் பாடு இருக்குன்னும் அவங்களே சொன்னாங்க. பார்சலோனா இருக்கிற கட்டாலோனியா மாநிலத்துல 1936 டிசம்பர் 25ஆம் தேதி ஃபெலிக்ஸ் மார்த்தி இபான்யேஸ்னு ஒரு இளம் டாக்டர், இவரும் அனார்கிஸ்ட்தான், கருக்கலைப்ப சட்டப்படி அனுமதிக்கிற உத்தரவு கொண்டு வந்தாரு, மூணு மாசக் கருவு வரைக்கும். இந்தம்மா அத நாடு முழுக்கக் கொண்டு வரப் பாத்தாங்க. கூட இருந்த மந்திரிங்க விடல. மொத்தம் ஆறு மாசம், கொஞ்சம் கூடன்னு வெச்சிக்குங்க. விடுதலை இல்லம் பெரும்பாலும் காகிதத்துலயே நின்னுச்சி. ஒண்ணு சொல்லணும், இந்தம்மா தன்ன பெண்ணியவாதின்னு சொல்லிக்கல, முஹேரெஸ் லிப்ரெஸ்னு அவங்க இயக்கத்துப் பொண்ணுங்களே தனி அமைப்பு வெச்சிருந்தாங்க, அதுல கூட சேரல. எனக்கு அது கொஞ்சம் கடுப்புதான். அந்தப் பொண்ணுங்க உழைப்பு மட்டும் வேணும், ஆனா தனியா ஒரு அமைப்பு எதுக்குன்னா என்னா அர்த்தம்.

உள்ள போறதா வெளிய நிக்கிறதாங்கிறது நம்ம ஆளுங்களுக்குப் புதுசு கெடையாது. பெரியாருக்கு 1940லயும் 1942லயும் மெட்ராஸ்ல ஆட்சி அமைக்கச் சொல்லி அழைப்பு வந்துச்சி, வேணாம்னுட்டாரு. அண்ணா தேர்தல்ல எறங்குனாரு, 1967ல ஜெயிச்சாரு, ஒடனே சுயமரியாதைக் கல்யாணத்துக்கு சட்டம் போட்டாரு. நாப்பது வருஷமா வெளியருந்து கத்தி நடந்த கல்யாணத்துக்கெல்லாம் உள்ள போன ஒரே வருஷத்துல செல்லுபடி வந்துருச்சி. இதச் சொன்னா வீட்டுக்காரரு விடமாட்டாரு, உள்ள போனதுக்கப்புறம் என்னென்ன ஆச்சின்னு அவரு தனியா ஒரு லிஸ்ட் வெச்சிருக்காரு, டீத்தண்ணி ஆறிப்போற வரைக்கும் வாசிப்பாரு.

மோன்ட்செனிக்கு வந்த கேள்வி அவங்க ஆளுங்ககிட்டருந்தே வந்துச்சி. கமிலோ பெர்னேரின்னு இத்தாலிக்காரர், முசோலினிக்குத் தப்பி வந்த தத்துவ வாத்தியாரு, பார்சலோனாவுல ஒரு சின்னப் பத்திரிகை நடத்துனாரு. 1937 ஏப்ரல் 14 தேதியில "தோழி ஃபெடரிக்கா மோன்ட்செனிக்கு"ன்னு பகிரங்கக் கடிதம் எழுதினாரு. மந்திரியா இருந்து புரட்சியக் காப்பாத்துறீங்களா, இல்ல அதுக்குக் காவல்காரன் வேலை பாக்குறீங்களாங்கிறதுதான் அந்தக் கடிதத்தோட சாரம். வஞ்சம் இல்லாம, மரியாதையாத்தான் எழுதியிருக்காரு, அதான் படிக்கும்போது இன்னும் சுடுது.

மூணு வாரம் கழிச்சி, மே 3ஆம் தேதி, பார்சலோனா டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். சிஎன்டி தொழிலாளிங்க கையில இருந்த கட்டடம், அரசாங்கப் போலீஸ் போய் நுழையுது. சாயங்காலத்துக்குள்ள ஊரெல்லாம் கல்லப் பேத்துத் தடுப்பு, ஒரே பக்கம் நின்னு ஃப்ராங்கோவோட சண்டை போட வேண்டியவங்க ஒருத்தர ஒருத்தர் சுடுறாங்க. ஒரு வாரத்துக்குள்ள நூத்துக்கணக்கான பேர் சாவு. பெர்னேரிய 5ஆம் தேதி வீட்டுலருந்து கூட்டிட்டுப் போயி சுட்டுப் போட்டுட்டாங்க. அந்த வாரம் வலென்சியாவுலருந்து வந்த மந்திரி மோன்ட்செனி ரேடியோவுல பேசுறாங்க. என்னான்னு? சண்டைய நிறுத்துங்க, துப்பாக்கியக் கீழ வைங்க, வேலைக்குத் திரும்புங்கன்னு. தடுப்புக்குப் பின்னால நின்னவங்க யாரு, இந்தம்மா கதையப் படிச்சி வளந்த பசங்க.

இத மொதல்ல படிச்சப்ப எனக்குக் கோவம் வந்துச்சி. என்னா பொம்பள இவன்னு நெனச்சேன்.

சரி, என் கதை. பொதுக்கூட்டத்துல ஆமான்னு சொல்லிட்டேன். எதிர்த்து யாரும் நிக்கல, கை தட்டுனாங்க, கறிபப் ஒண்ணும் மைலோவும் குடுத்தாங்க, நான் செயலாளர். கையில ஒரு ஃபைல், ஒரு ரப்பர் ஸ்டாம்ப். மொத வாரமே கதவு விஷயத்த எடுத்தேன். எடுத்தா, யாருமே கெட்டவங்க இல்ல! அதான் பிரச்சனையே. காசு அக்கவுண்ட்ல இருக்கு. செக்குல ரெண்டு பேர் கையெழுத்து வேணும், அதுல ஒருத்தர் ஜொகூருக்கு மாத்தலாயிட்டாரு, பேர மாத்தணும்னா கூட்டக் குறிப்பு வேணும், கூட்டக் குறிப்ப பழைய செயலாளர் டைப் பண்ணல ஏன்னா அவங்களுக்குக் கொழந்த பொறந்துருச்சி. காண்ட்ராக்டர் குடுத்த விலைச்சீட்டு ஆறு மாசம் பழசு, புதுசா மூணு பேர்கிட்ட வாங்கணும். தலைமையாசிரியர் பாவம், மேல எழுதிப் போட்டுட்டு பதிலுக்குக் காத்திருக்காரு. வெளிய நின்னப்ப ஒரே ஒரு கதவுதான் தெரிஞ்சிச்சி. உள்ள போனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு, எல்லாமே நியாயமாவும் இருக்கு.

அப்படியே ரெண்டு வாரம் ஓடிப்போச்சி. ஒரு நாள் ராத்திரி பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுல ஒரு அக்கா போட்டாங்க, "புதுக் கமிட்டி வந்தும் என்னா ஆச்சி, என் மக இன்னமும் வீட்டுக்கு வந்துதான் ஒண்ணுக்குப் போறா"ன்னு. நான் அடுப்பு மேல சட்டிய வெச்சிட்டு படபடன்னு பதில் டைப் பண்ணி அனுப்புனேன், "கொஞ்சம் பொறுமையா இருங்க அக்கா, பேசிக்கிட்டுதான் இருக்கோம், பொதுவுல இப்படிப் போடாதீங்க, பள்ளி பேரு கெட்டுரும்."

அனுப்பிட்டுத் திருப்பிப் படிச்சேன். வெங்காயம் கருகிருச்சி.

அந்த அக்கா பதிலுக்கு ஒண்ணும் போடல, என் பழைய பேஸ்புக் போஸ்ட்டோட லிங்க்க மட்டும் போட்டாங்க.

அன்னிக்கு ராத்திரிதான் மறுபடி மோன்ட்செனிய எடுத்தேன், இந்தத் தடவ கோவம் வரல. மே 17ல அந்த மந்திரிசபை விழுந்துருச்சி. அடுத்து வந்த நெக்ரீன் அரசாங்கத்துல அவங்க இல்ல. ஜூன் 6ஆம் தேதி, பதவி போயி மூணு வாரம் கூட முழுசா ஆகல, வலென்சியாவுல அப்போலோ தியேட்டர்ல தன் ஆளுங்க முன்னாடி ஏறி நின்னு, சுகாதார மந்திரியா என் அனுபவம்னு ஒரு நீளமான பேச்சு. என்னா பண்ணேன், என்னா பண்ண நெனச்சேன், எது முடியல. பதவிய ஏத்துக்க எவ்வளவு தயங்குனேன், எவ்வளவு வேதனைப்பட்டேன்னும் மறைக்காம சொன்னாங்க. பதவி போனா நம்ம ஊர்ல ஆஸ்பத்திரியில படுப்பாங்க, இல்லாட்டி வேற கட்சிக்குப் போவாங்க. இந்தம்மா கணக்க ஒப்படைச்சாங்க. அந்தக் கணக்கு சரியா தப்பான்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை போடுறாங்க, அமெரிக்காவுல பேர் போன அனார்கிஸ்ட் எம்மா கோல்ட்மேன் மாதிரி ஆளுங்க அப்பவே கடுமையா கேட்டாங்க, கேக்க வேண்டியதுதான். எனக்கு வேண்டியிருந்தது அந்தத் தேதிதான், மூணே வாரத்துல.

அதுக்கப்புறம் நடந்தது நெஞ்சப் பிசையிற கதை, சுருக்கமா சொல்லிர்றேன். 1939ல பார்சலோனா விழுந்தவொடனே லட்சக்கணக்கான ஜனத்தோட எல்லை தாண்டி பிரான்ஸ், கையில கைக்கொழந்த, நடக்கிற வயசுல விதா, கூட நோயாளி அம்மா. பெர்ப்பினியான் போய்ச் சேந்து பிப்ரவரி 5ல அம்மா செத்துப் போறாங்க, அப்பா அகதி முகாம்ல. 1941ல ஃப்ராங்கோ அரசாங்கம் இவங்கள ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டு, பிரான்ஸ்காரன் புடிச்சி உள்ள வெச்சிட்டான். லிமோஜ் கோர்ட்டு அனுப்ப முடியாதுன்னு சொல்லிருச்சி, அப்ப கர்ப்பமா இருந்தாங்க. கூட மந்திரியா இருந்த பெய்ரோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல, ஒப்படைச்சாங்க, 1942 ஜூலை 24ல சுட்டுட்டாங்க. இந்தம்மா பிரான்ஸ்லயே, தூலூஸ்ங்கிற ஊர்ல பத்திரிகை, கூட்டம்னே காலத்த ஓட்டி, ஃப்ராங்கோ செத்ததுக்கப்புறம் 1977 ஜூலை 2ஆம் தேதி பார்சலோனா வந்து சிஎன்டி கூட்டத்துல பேசுனாங்க. எங்க? மோன்ஜுயிக் குன்றுல. அப்பா அடைபட்டுக் கெடந்த அதே குன்று, எதிர்ல பெருங்கடல் மாதிரி ஜனம், 72 வயசு கெழவி. 1994 ஜனவரி 14ல தூலூஸ்லயே செத்துப் போனாங்க, 88 வயசு.

நான் மறுநாள் காலையில வாட்ஸ்அப் குழுவுல அந்த அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டேன். கேட்டுட்டு எல்லாத்தையும் எழுதிப் போட்டேன், அக்கவுண்ட்ல எவ்வளவு வெள்ளி இருக்கு, கையெழுத்து ஏன் நிக்குது, விலைச்சீட்டு எத்தன வந்துருக்கு, எதுல நான் சோம்பேறித்தனம் பண்ணேன்னு. தலைவர் அண்ணனுக்கு வருத்தம், ஒரு வாரம் என்கிட்ட பேசல. ஆனா அந்த அக்காவோட வீட்டுக்காரரு பாங்கியில வேலையாம், கையெழுத்துப் பேர் மாத்துற பாரத்த அவரே நெரப்பிக் குடுத்தாரு.

நேத்து கதவு வந்துருச்சி, ரெண்டு ரூமுக்கும். அத்தைகிட்ட சொன்னேன், நல்லதுன்னாங்க. சாயங்காலம் மக ஸ்கூல் விட்டு வந்தா, கதவு எப்படிம்மா இருக்குன்னு ஆசையா கேட்டேன்.

"கதவு நல்லாருக்கும்மா. தாப்பாள வெளிப்பக்கமா மாட்டிட்டுப் போயிருக்காங்க."

கொடைய பேக்ல வெச்சிருக்கா இன்னும். திங்கக்கிழமை லீவு போட்டுட்டுப் போயி அந்த காண்ட்ராக்டர் வர்ற வரைக்கும் அங்கயே நிக்கப் போறேன்.